டெல்லிக்கு எங்கள் வண்டி

டெல்லிக்குப் போகிற தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எங்கள் வேலூர் மாவட்டத்துக்குள் வருவதே இல்லை. சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பினால், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ஒரு மணி நேரம் போல ஓடி ஆந்திராவுக்குள் போய்விடும். கேரளா எக்ஸ்பிரஸ் அப்படியில்லை. வாளையாறு தாண்டி உள்ளே வந்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் என்று நின்று, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி வரைக்கும் 350 கிலோமீட்டருக்கு மேல் நம் மண்ணிலேயே ஓடுகிறது. அதனால் வேலூர், கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி, குடியாத்தம் பக்கத்து ஆட்களிடம் டெல்லிக்குப் போகணும் என்று சொன்னால், அவர்கள் முதலில் கேட்பது ‘கேரளாவுல டிக்கெட் போட்டாச்சா?’ என்றுதான்.

திருவனந்தபுரத்துக்கும் புது டெல்லிக்கும் நடுவே தினமும் ஓடுகிற வண்டி அது. மொத்த தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மாநிலத் தலைநகரை நாட்டின் தலைநகரோடு சேர்க்க விட்ட வண்டி. ஆனால் அந்த இரண்டு ஊர்களுக்கும் எவ்வளவு சொந்தமோ அவ்வளவு எங்களுக்கும் அது சொந்தம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் கதையில் பாதி அந்த வண்டிக்குள் நடந்தது. எழுதி வைத்தவர்கள் அதிகம் இல்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கணியம்பாடி பக்கம். அருகில்தான் கம்மவான்பேட்டை. அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். சுற்றியுள்ள ஊர்களிலும் அந்தப் பழக்கம் உண்டு. எங்கள் மாமனார் பட்டாளத்துக்காரர். என் வீட்டுக்காரரும் பட்டாளத்துக்காரர், ஹவில்தாராக ஓய்வு பெற்றார். எனக்கு 2003-ல் கல்யாணம். அடுத்த வருஷம் டெல்லி கன்டோன்மென்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பு வரை நான் ரயிலில் போன அதிகபட்ச தூரம் காட்பாடியில் இருந்து சென்னை.

மாமனார் காலத்தில் பயணமே வேறு மாதிரி. காட்பாடியில் இருந்து திருப்பதி போகிற பாதை அப்போது மீட்டர் கேஜ், அதாவது குறுகலான தண்டவாளம். அகலப் பாதையில் வருகிற வடநாட்டு வண்டிகள் அந்த வழியில் ஏற முடியாது. அதனால் அவர் முதலில் மெட்ராஸ் போவார், சென்ட்ரலில் ஜி.டி.யைப் பிடிப்பார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸைத்தான் ஜி.டி. என்பார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது 1976-ல். அதற்குப் பிறகும் மாமனார் ஜி.டி.யில்தான் போனார். கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் இடம் கிடைக்கும் என்பார். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லும் கதைகளில் ஒன்று, அந்த ஜி.டி. 1929-ல் தொடங்கியபோது பெஷாவரில் இருந்து மங்களூர் வரை ஓடியது என்பது. மங்களூர் போக வேண்டும் என்றால் காட்பாடி, ஜோலார்பேட்டை வழிதான். ‘இந்த வழியா பெஷாவருக்கே வண்டி போயிருக்குதும்மா, நம்ம ஆளுங்க போகாத ஊரா?’ என்பார். அவர் 1971 சண்டையில் இருந்தவர். அந்தப் பெருமையைக்கூட ரயிலோடு சேர்த்துத்தான் சொல்வார்.

ரயில் விஷயத்தில் எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டம் பெருமைப்பட்டுக்கொள்ள நியாயம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1-ம் தேதி, ராயபுரத்தில் இருந்து வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். காட்பாடியோ நாலு பக்கமும் பாதை பிரிகிற சந்திப்பு. கிழக்கே சென்னை, மேற்கே ஜோலார்பேட்டை, வடக்கே சித்தூர் - திருப்பதி, தெற்கே வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம். மீட்டர் கேஜாக இருந்த வடக்குப் பாதை அகலப் பாதையானபோது எங்களுக்கு டெல்லி பக்கமாகிவிட்டது. மெட்ராஸ் போய்ப் பெட்டி தூக்கி வண்டி மாற வேண்டியதில்லை. காட்பாடியில் ஏறி உட்கார்ந்தால் டெல்லியில் இறங்கலாம். மாமனார் இதைச் சொல்லும்போது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கைக்குழந்தையோடும் டிரங்குப் பெட்டியோடும் நானே போகத் தொடங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

கேரளா எக்ஸ்பிரஸ் டெல்லி நோக்கிப் போகும்போது காட்பாடிக்கு வருவது விடிவதற்கு வெகு முன்பு. நாங்கள் போன காலத்தில் அப்படி. நேரம் பலமுறை மாறியிருக்கிறது, போகிறவர்கள் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. முந்தின நாள் ராத்திரியே கடைசி பஸ்ஸைப் பிடித்து வேலூர் வந்து, அங்கிருந்து காட்பாடி டவுன் பஸ்ஸில் ஏறி, பாலாற்றுப் பாலம் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். பிறகு ராத்திரி முழுக்க பிளாட்பாரத்தில் காத்திருப்புதான்.

அந்தக் காத்திருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்பாடி பிளாட்பாரத்தில் ராத்திரி நேரத்தில் நீங்கள் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள். வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். 1900-களின் தொடக்கத்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று பாதி இந்தியாவைக் காட்பாடியில் கொண்டுவந்து இறக்குகிறது. பெட்ஷீட்டை விரித்துக் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். எக்ஸ்ரே உறை தலைமாட்டில் இருக்கும், மருந்துப் பை கையை விட்டுப் போகாது. முதல் தடவை டெல்லி போகும்போது அவர்கள் என்னிடம் இந்தியில் ஏதோ கேட்பார்கள், நான் விழிப்பேன். குவார்ட்டர்ஸில் இரண்டு வருஷம் இருந்து இந்தி படிந்த பிறகு, எந்த வண்டி எந்த பிளாட்பாரம், கோச் எங்கே நிற்கும், தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று நானே கூட்டிப்போய்க் காட்டுவேன். ஒரு தடவை கண்ணில் கட்டுப் போட்ட ஒரு வயதான வங்காளத்து அம்மாவுக்கு, அவருடைய மகன் டீ வாங்கப் போன நேரத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி அந்த அரைகுறை இந்திதான்.

சாப்பாட்டு மூட்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. முதல் பயணத்துக்கு அத்தை சாயங்காலம் தொடங்கி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. புளிசாதம் கிளறி ஆற வைத்து வாழையிலையில் பொட்டலம் கட்டினார். எண்ணெய் தடவி மிளகாய்ப்பொடி பூசிய இட்லி முதல் நாள் காலைக்கு. சப்பாத்தி மதியத்துக்கு, கூடவே எண்ணெயில் நன்றாக வதக்கிய முள்ளுக் கத்திரிக்காய். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்த ரயில் கத்திரிக்காய்தான் ஞாபகம் வந்தது. புளிசாதம் ராத்திரிக்கும், தாங்கினால் மறுநாள் காலைக்கும். இவ்வளவும் கட்டி முடித்துவிட்டு அத்தை கேட்டது: ‘இன்னாமா இது, ரெண்டு நாளைக்கு இது போதுமா? அந்த ஊருல போயி இன்னாத்த துன்னுவீங்க?’ முறுக்கு டப்பா ஒன்றை மேலே வைத்தார். ஆற்காடு மக்கன் பேடாவும் ஒரு பெட்டி இருந்தது, அது யூனிட்டில் இருக்கிற அதிகாரி வீட்டுக்கு.

பெட்டி என்றால் கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டி. அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் என் வீட்டுக்காரரின் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். வண்டி வருவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் அதே மாதிரிப் பெட்டிகளை வைத்து நான்கைந்து பேர் நின்றிருப்பார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். பெட்டியைப் பார்த்ததும் ‘எந்த யூனிட்ணா?’ என்று பேச்சு தொடங்கிவிடும். லீவு முடிந்து திரும்புகிறவர்கள் அவர்கள். முகத்தில் தூக்கம் இருக்காது. வழியனுப்ப வந்த அம்மாவோ அக்காவோ பக்கத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி நிற்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை லீவுக்கு வாரண்ட் என்கிற இலவசப் பயணச் சீட்டு உண்டு, மற்ற தடவைகளுக்கு ஃபார்ம் டி என்கிற சலுகைச் சீட்டு. ஜம்மு பக்கம் போஸ்டிங் ஆனவர்கள் வாரம் ஒரு முறை ஜம்முவுக்கே நேராகப் போகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸைப் பார்த்துக் காத்திருப்பார்கள். மற்ற நாட்களில் கேரளாவில் ஏறி டெல்லியில் இறங்கி அங்கிருந்து வேறு வண்டி மாறுவார்கள்.

வண்டி நிற்பது சில நிமிஷங்கள்தான். அதற்குள் பெட்டி, ஹோல்டால், சாப்பாட்டுக் கூடை, குழந்தை எல்லாம் ஏற வேண்டும். உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நீல விளக்கு மட்டும் எரியும். எந்தப் பயணத்திலும் எனக்கு அந்த நேரத்தில் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். ஆனால் யாராவது ஒரு பட்டாளத்துத் தம்பி, கேட்காமலேயே பெட்டியை வாங்கி உள்ளே தள்ளிவிடுவான். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்காரர் இல்லாமல் நான் தனியாகப் போக வேண்டி வந்தது. அப்போது சேலத்துக்காரத் தம்பி ஒருவன் தன் கீழ் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தான். இரண்டு படுக்கைகளுக்கு நடுவே என் புடவையால் தூளி கட்டிக் கொடுத்ததும் அவன்தான். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ‘அக்கா, இது அறுந்தா நான் பொறுப்பு’ என்றான். டெல்லி வரை என் சின்னவன் அந்தத் தூளியில்தான் தூங்கினான்.

காட்பாடி தாண்டியதும் சித்தூர். பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போகும்போதுதான் லேசாக விடியத் தொடங்கும். இந்தத் துண்டுப் பாதை எனக்கு விசேஷமானது. 1911-க்கு முன்பு சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூருக்கு அந்த இடம் வந்தது. சந்திரகிரியும் திருப்பதியும் பழைய வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தன. அதனால் காட்பாடியை விட்டுக் கிளம்பியும் இரண்டு மணி நேரம் நாம் சொந்த ஊரிலேயே போவதாக நான் நினைத்துக்கொள்வேன். சித்தூரில் ஏறுகிறவர்கள் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள், நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுகிற மாதிரியே. திருப்பதி மலை தெரிந்ததும் பெட்டி முழுக்க ஒரு முணுமுணுப்பு, கைகள் தானாகக் கூப்பும். மலையாளிகளும் கும்பிடுவார்கள்.

கூடூரில் சென்னைப் பாதையோடு சேர்ந்துவிடும். அங்கிருந்து ஜி.டி.யும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் போகிற அதே தண்டவாளம்தான். நெல்லூர் தாண்டிப் பெண்ணாறு. மதியம் போல விஜயவாடாவுக்கு முன்னால் கிருஷ்ணா. அந்தப் பாலத்தில் வண்டி போகும்போது ஜன்னலோரம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒரு பக்கம் பிரகாசம் அணை, எதிரே குன்றின் மேல் கனகதுர்க்கை கோயில். பாலாற்றில் மணலைத் தவிர அதிகம் பார்க்காத எங்களுக்கு அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு நாணயம் எடுத்துக் குழந்தை கையில் கொடுத்துப் போடச் சொல்வார். பாலாற்றைப் பற்றி அவர் அப்போது ஒன்றும் பேச மாட்டார், எனக்குப் புரியும்.

வாரங்கல் பக்கம் பாறைக் குன்றுகள், மிளகாய் காய வைத்த களங்கள். நாங்கள் போன நாளில் அது ஆந்திரா, 2014-க்குப் பிறகு தெலங்கானா. ராமகுண்டத்தில் அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள், அதை அடுத்து கோதாவரி. இருட்டிய பிறகு பல்ஹார்ஷா. அங்கே மகாராஷ்டிரம் தொடங்கிவிடும். பேச்சு, பலகை, டீ விற்கிற குரல் எல்லாம் மாறிவிடும். நாக்பூர் வரும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். சீசனாக இருந்தால் என் வீட்டுக்காரர் இறங்கி ஆரஞ்சு வாங்கி வந்துவிட்டுத்தான் படுப்பார். நர்மதையை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை, போகும்போதும் வரும்போதும் இருட்டில்தான் அது தாண்டிப் போகும். சத்தம் மாறுவதை வைத்துப் பாலம் என்று தெரிந்துகொள்வேன்.

மறுநாள் போபாலில் விடியும். ஜனவரி மாதமாக இருந்தால், காட்பாடியில் வெறும் காட்டன் புடவையோடு ஏறியவள் அங்கே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சால்வையும் போர்த்திக்கொள்ள வேண்டும். மே மாதமாக இருந்தால் நாக்பூர் தொடங்கி அனல் காற்று. ஸ்லீப்பர் பெட்டியில் ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டுவோம், அரை மணியில் காய்ந்துவிடும், மறுபடி நனைப்போம். மகள் கொஞ்சம் வளர்ந்ததும் பள்ளிக்கூட மேப்பை மடியில் விரித்து மாநிலங்களை அடையாளம் வைப்பாள். ஜான்சி வந்தால் உத்தரப் பிரதேசம். குவாலியர் வந்தால் மறுபடி மத்தியப் பிரதேசம், கோட்டை ரயிலில் இருந்தே தெரியும். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல் பள்ளத்தாக்கு. மண் அரித்து அரித்து மேடும் பள்ளமுமாக, கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வீடு தெரியாது. தோல்பூர் ராஜஸ்தான். அடுத்து ஆக்ரா, திரும்ப உத்தரப் பிரதேசம். அப்புறம் ஹரியானா, அப்புறம் டெல்லி. பாடப் புத்தகத்தில் அவள் படித்ததை விட இந்த வண்டியில் படித்தது அதிகம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கூடப் பயணம் செய்த மலையாளிகளைப் பற்றி எழுதாவிட்டால் நன்றி கெட்டதனம். டெல்லி ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற கேரளத்து நர்ஸ்கள் அந்த வண்டியில் எப்போதும் இருப்பார்கள். நாங்கள் ஏறும்போது அவர்கள் ஏற்கெனவே அரை நாளுக்கு மேல் பயணம் செய்திருப்பார்கள். காலையில் கண் விழித்ததும் பேச்சு தொடங்கும். அவர்கள் வீட்டு வாழைக்காய் வறுவல் எங்களுக்கு, எங்கள் புளிசாதம் அவர்களுக்கு. ஒரு பயணத்தில் மகளுக்குத் திடீரென்று நல்ல காய்ச்சல். எதிர்ப் படுக்கையில் இருந்த கோட்டயத்து சேச்சி தன் பையில் இருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். எடையைக் கேட்டு, அளவு பார்த்து மருந்து கொடுத்தார். ராத்திரி முழுக்கத் துணியை நனைத்து நனைத்து நெற்றியில் வைத்தார். நான் கண் அசந்துவிட்டேன், அவர் அசரவில்லை. ஆக்ரா தாண்டும்போது பிள்ளை எழுந்து பசிக்கிறது என்றாள். சேச்சியின் பெயரை மகள் இன்றும் சொல்வாள், இங்கே எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

இதெல்லாம் சொன்னாலும், அந்த தூரம் எங்களிடம் இருந்து எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். என் அப்பா இறந்தது ஒரு பங்குனி மாதம். காலையில் ஊரில் இருந்து போன் வந்தது. அன்றைக்கு விமான டிக்கெட் எங்களுக்கு நினைத்துப் பார்க்கக்கூடிய காசில் இல்லை. வீட்டுக்காரர் ஓடி அலைந்து அன்றைய வண்டியில் இடம் வாங்கினார். அண்ணன் போனில் கேட்டார், ‘எவ்ளோ நேரம்மா ஆகும்?’ நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வெயிலில் அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். நீங்க எடுத்துடுங்கண்ணா என்று நானே சொல்லிவிட்டேன். வண்டி மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்த நேரத்தில் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. காட்பாடியில் இறங்கி வீட்டுக்குப் போனபோது பால் தெளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் இருந்த யாருக்கும் நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மட்டும், என் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். இப்படி வண்டியிலேயே சாவுச் செய்தியைச் சுமந்து வந்த பெண்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அதைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. அந்த மாதிரி நேரத்துக்கு விமானம்தான் சரி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது மகள் டெல்லியில் படிக்கிறாள். ‘பிளேன்ல வாம்மா, மூணு மணி நேரம்’ என்கிறாள். சென்னை விமான நிலையத்துக்கு ஊரில் இருந்து போகிற நேரத்தை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நான் ரயிலில் போவது அதற்காக இல்லை. எனக்கு அந்த இரண்டு நாள் வேண்டும். இங்கே இருக்கிற மாடு, கன்று, அத்தையின் மூட்டுவலி எல்லாவற்றையும் மனசு மெல்ல விட்டுவிட்டு அங்கே இருக்கிற பிள்ளையிடம் போக அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. போகிற வழியில் இருக்கிற ஊர்களையும் பார்க்க வேண்டும். அந்த மிளகாய்க் களங்களையும் சம்பல் மேடுகளையும் பார்க்காமல் டெல்லியில் போய் நின்றால் எனக்குப் போய்ச் சேர்ந்த மாதிரியே இருக்காது.

வண்டியும் மாறிவிட்டது. பெரம்பூரில் செய்த பழைய நீலப் பெட்டிகளுக்குப் பதில் இப்போது எல்.எச்.பி. என்கிற புது ரகப் பெட்டிகள், குலுக்கல் குறைவு, சார்ஜ் போட வசதி இருக்கிறது. டிரங்குப் பெட்டிகள் குறைந்து சக்கரம் வைத்த பைகள் வந்துவிட்டன. ஆனாலும் காட்பாடி பிளாட்பாரத்தில் லீவு முடிந்து நிற்கிற பையன்களை முடிவெட்டை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன்.

புதிதாகக் கல்யாணமாகி வடக்கே போகிற எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னிடம் கேட்பது டிக்கெட் விஷயம்தான், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் மாற்றினார்கள். லீவு தேதி கையில் வந்த அன்றே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். வண்டி திருவனந்தபுரத்தில் கிளம்புவதால் நடுவில் ஏறுகிற ஊர்களுக்கு ஒதுக்கீடு கொஞ்சம்தான், வெயிட்டிங் லிஸ்டும் தனி. காட்பாடியில் இருந்து கிடைக்காவிட்டால் முந்தைய பெரிய ஸ்டேஷன்களில் இருந்து போட்டுப் பார்த்து, ஏறும் இடத்தைக் காட்பாடி என்று மாற்றிக்கொள்ளலாம். காசு கொஞ்சம் கூடும், ஆனால் உட்கார இடம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் தட்கல், ஏ.சி.க்குக் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. 45 வயது ஆன பெண்களுக்குக் கீழ் படுக்கை ஒதுக்கீடு உண்டு, அத்தையையோ அம்மாவையோ கூட்டிப் போகிறவர்கள் வயதைச் சரியாகப் போடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடக்கே பனிமூட்டத்தில் வண்டிகள் தாமதமாகும். இன்னும் ஒரு வேளைக்குச் சாப்பாடு சேர்த்துக் கட்டுங்கள், குழந்தைக்குப் பால்பவுடரும் கூடுதலாக.

காட்பாடிக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. இவ்வளவு பட்டாளத்துக் குடும்பங்களும், ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற இவ்வளவு நோயாளிகளும் ஏறுகிற ஸ்டேஷன் இது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், அவர்களும் மனு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மகளைப் பார்க்கக் கிளம்புகிறோம். டிக்கெட் போட்டாயிற்று, இரண்டும் கீழ் படுக்கை. அத்தைக்கு இப்போது அடுப்படியில் நிற்க முடியாது, அதனால் புளிக்காய்ச்சலுக்கு அளவு சொல்ல ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறார், கிளறுவது நான்.